ஏரிகள் சுழன்ற காலை

போன மாதம் பரணை ஒழித்தபோது தகரப் பெட்டிக்குள்ளிருந்து என் பழைய லாக்புக் வெளியே வந்தது. கண்டெடுத்தவள் என் பேத்தி. அவளும் இப்போது விமானம் ஓட்டப் பழகுகிறாள், விடுமுறைக்கு வந்திருந்தாள். செல்லரித்த நீல அட்டையைத் துடைத்துவிட்டுத் தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்து, ஒவ்வொரு பக்கமாக விரலை ஓட்டிப் படித்துக்கொண்டே வந்தவள், 1974-ஆம் வருடத்துப் பக்கம் ஒன்றில் நின்றுவிட்டாள். மசி வெளுத்துக் காப்பிக் கறைபோல ஆகியிருந்தது. விமானம்: புஷ்பக். நேரம்: ஐம்பது நிமிடம். பயிற்சி எண்: 11. பக்கத்தில் என் ஆசிரியரின் இரண்டெழுத்துச் சுருக்கொப்பம்.

"தாத்தா, பதினொண்ணுன்னா ஸ்பின் அவாய்டன்ஸ்தானே? அதுக்கு எதுக்கு அம்பது நிமிஷம்?"

பிரிட்டிஷ்காரர்கள் வகுத்த பாடவரிசையில் எண்கள் அப்படியே இருக்கின்றன. 10 என்றால் ஸ்டால், 11 என்றால் ஸ்பின். எங்கள் நாளில் 11 என்றால் ஸ்பின்னுக்குள் போய்விட்டு வெளியே வருவது. இன்று அதே எண்ணுக்கு ஸ்பின்னைத் தவிர்ப்பது என்று பொருள். எண் மாறவில்லை, பாடம் மாறிவிட்டது. ஐம்பது வருடத்துக்கு முந்தைய பக்கத்தை அவளால் படிக்க முடிந்தது, ஆனால் அந்தப் பக்கத்தில் இருந்த காலையை அவளால் பார்க்க முடியவில்லை. நாம் பிறந்து வளர்ந்த தெருவுக்கு இப்போதும் அதே பெயர்ப்பலகை இருக்கும், உள்ளே போனால் ஒரு வீடும் தெரிந்த வீடாக இருக்காது. உங்களுக்கும் அப்படி ஒரு தெரு இருக்கும்.

அந்தக் காலையை அவளுக்குச் சொல்லத் தொடங்கினேன். சொல்லச் சொல்ல எனக்கே அது நீண்டுகொண்டு போனது.

விடியற்காலை மின்சார ரயிலில் மீனம்பாக்கத்தில் இறங்கி நடந்தால், ஹாங்கருக்குப் போய்ச் சேர்வதற்குள் சட்டை முதுகோடு ஒட்டிவிடும். கதவை இருவர் சேர்ந்து தள்ள வேண்டும். திறந்ததும் ஒரு வாசனை முகத்தில் வந்து மோதும்: பெட்ரோல், பழைய ஆயில், அதோடு நகப்பூச்சைத் திறந்ததுபோல ஒரு நெடி. அது டோப். புஷ்பக்கின் இறக்கை துணி போர்த்தியது. துணியை இழுத்துக் கட்டி அதன்மேல் டோப் பூசிக் காயவைத்தால் மத்தளத் தோல்போல விறைத்துக்கொள்ளும். விரலால் சுண்டிப் பார்ப்போம். சரியாக இருந்தால் 'டொம்' என்று சொல்லும். பெங்களூரு எச்ஏஎல்லில் செய்த விமானம் அது. 1958-இல் முதன்முதலாகப் பறந்தது. அதன்பின் இந்தியாவின் பிளையிங் கிளப்புகளில் ஒரு தலைமுறையே அதில்தான் இறக்கை முளைத்தது. மேலே ஒற்றை இறக்கை, உள்ளே பக்கத்தில் பக்கத்தில் இரண்டு இருக்கை, மூக்கில் 90 குதிரைத்திறன் என்ஜின். இருவர் உட்கார்ந்தால் தோளும் தோளும் உரசும். சாவியைத் திருப்பினால் கிளம்புகிற சங்கதி கிடையாது. முன்னால் ஒருவர் நின்று புரொப்பெல்லரைக் கையால் சுழற்றிவிட வேண்டும். "சுவிட்ச் ஆஃப்?" "ஆஃப்." "காண்டாக்ட்!" "காண்டாக்ட்!" அந்த இரண்டு குரலுக்கும் நடுவில் ஒரு நொடி மௌனம் உண்டு. அதை நான் இன்றைக்கும் காதுக்குள் வைத்திருக்கிறேன்.

என் ஆசிரியர் விமானப்படையிலிருந்து வந்தவர். அதிகம் பேசமாட்டார். நாங்கள் எல்லோரும் அவரை 'சார்' என்றுதான் கூப்பிடுவோம்; அவருக்கு நாங்கள் எல்லோருமே 'தம்பி'. ஸ்பின் பாடத்துக்கு முந்தின நாள் மாலை என்னை ஹாங்கர் ஓரத்துப் பெஞ்சில் உட்காரவைத்து, கால் அருகே இரண்டு செங்கல்லைக் கொண்டுவந்து போட்டார். "இதுதான் ரடர் பெடல். கண்ணை மூடிக்கோ." கப்பலுக்குச் சுக்கான்போல விமானத்துக்கு வாலில் இருப்பது ரடர், அதை ஓட்டுவது கால். "இடது பக்கம் சுத்துது தம்பி. என்ன பண்ணுவே?" நான் கண்ணை மூடிக்கொண்டு, மடியில் இருந்த கையை வலப்பக்கம் திருப்பினேன். அவர் என் மணிக்கட்டில் ஒரு தட்டுத் தட்டினார். "கை பொய் சொல்லும். கால்." மறுபடியும். "வலது பக்கம் சுத்துது." மறுபடியும் கைதான் முந்திக்கொண்டது. இருட்டி, கொசு கடிக்கத் தொடங்கும்வரை அந்தச் செங்கல்லை மிதித்துக்கொண்டிருந்தேன். இருபது வயதுப் பையன், பி.எஸ்சி. படித்தவன், காற்றியக்கவியல் புத்தகத்தை மூன்று முறை படித்து முடித்தவன், என்னை எதற்குச் செங்கல்லை மிதிக்கச் சொல்கிறார் என்று உள்ளுக்குள் குமைந்தபடி ரயிலேறினேன். அந்தப் பையனை நினைத்தால் இப்போது பாசமாக இருக்கிறது; அவன் தோளில் கைபோட்டு, நாளைக் காலைவரை பொறுத்துக்கொள் என்று சொல்லலாம்போல இருக்கிறது.

மறுநாள் காலை தெற்கே போனோம். புஷ்பக் மெதுவாக ஏறும். ஐயாயிரம் அடி எட்டுவதற்குப் பத்துப் பன்னிரண்டு நிமிடம் ஆகும். அந்த ஏற்றத்தில் இருந்த சுகத்தை எப்படிச் சொல்வது? மலைக்கோயில் படியேறுகிறவன் நின்று நின்று கீழே பார்ப்பானே, அப்படி. முதலில் பல்லாவரத்துக் குன்று தட்டையாகிப் போகும்; பிறகு தண்டவாளம் நூலாகும்; பிறகு காற்று குளிர்ந்து, வியர்த்த சட்டை சில்லிடும்; பிறகு செங்கல்பட்டுப் பக்கத்து ஏரிகள் ஒவ்வொன்றாகக் கண்ணுக்கு வரும். மழை முடிந்த மாதம். அத்தனை ஏரியும் நிரம்பியிருந்தன. கீழைச் சூரியன் பட்டு, யாரோ பித்தளைத் தாம்பாளங்களைக் காயவைத்ததுபோலக் கிடந்தன.

மேலே போனதும் சார் ஒரு பட்டியலைச் சொல்லவைத்தார். பிரிட்டிஷ் வழியில் வந்தவர்கள் எல்லோருக்கும் அது 'ஹாசெல்' என்ற ஒற்றைச் சொல்லாக மனப்பாடம். உயரம் போதுமா, விமானத்தின் மடல்கள் இருக்க வேண்டிய நிலையில் இருக்கின்றனவா, பெல்ட் இறுக்கமா, கட்டாத பொருள் ஏதும் உள்ளே கிடக்கிறதா, என்ஜின் நலமா, நேர்கீழே ஊர் இல்லையே, சுற்றிலும் வேறு விமானம் இல்லையே. கடைசிக் கேள்விக்காக இடமும் வலமும் ஒரு வட்டம் அடித்துப் பார்த்தோம். பிறகு அவர் த்ராட்டிலைக் குறைத்தார். மூக்கைக் கொஞ்சம் கொஞ்சமாக உயர்த்தினார். இரைச்சல் அடங்கியது. காற்று இறக்கையை உரசுகிற ஓசையும் தேய்ந்து தேய்ந்து, எங்கோ தொலைவில் யாரோ அரிசி புடைப்பதுபோல ஆனது. கண்ணாடி முழுக்க வானம். விமானம் லேசாக நடுங்கியது. அந்த நொடியில் இடது ரடரை முழுக்க மிதித்து, கண்ட்ரோலை வயிற்றோடு சேர்த்து இழுத்தார்.

இடது இறக்கை எனக்குக் கீழிருந்து காணாமல் போனது. வானம் பக்கவாட்டில் வழிந்து போயிற்று. கண்ணாடி முழுக்க நிலம். அந்த நிலம் சுழன்றது. ஒரு பெரிய ஏரி, அதன் கரையில் பனைவரிசை, செம்மண் பாதை, இன்னொரு சின்ன ஏரி. மறுபடி பெரிய ஏரி, பனைவரிசை, செம்மண் பாதை. இரண்டாவது சுற்றில் எனக்கு ஓர் ஆச்சரியம். விழுந்துகொண்டிருக்கிறோம், ஆனால் வேகமானியின் முள் தாழ்வாகவே நின்றது. சத்தமும் இல்லை. இவ்வளவு பெரிய காரியம் இவ்வளவு அமைதியாக நடக்குமா என்றிருந்தது. பிறகு அவர் ரடரை எதிர்ப்பக்கம் மிதித்தார், கண்ட்ரோலை முன்னே கொடுத்தார், ஏரி சட்டென்று நின்றது. நின்ற ஏரியை நோக்கித் தலைகீழாகப் பாய்ந்தோம், மெல்ல நிமிர்த்தினார், கன்னமும் கண்ணிமையும் கீழே இழுபட, இருக்கைக்குள் அழுந்தினேன். மறுபடியும் அடிவானம், அது இருக்க வேண்டிய இடத்தில்.

"இப்ப நீ."

மறுபடி ஏறினோம். மறுபடி ஹாசெல். இந்த முறை என் கால், என் கை. இறக்கை சாய்ந்ததும், முந்தின நாள் மாலை முழுக்கச் செங்கல்லை மிதித்தது எங்கே போனதோ, என் கை சாய்ந்த இறக்கையைத் தூக்குவதற்காக வலப்பக்கம் திருப்பியது. கூடவே, தரை மேலே வருகிறதே என்ற பயத்தில் கண்ட்ரோலை இன்னும் பின்னுக்கு இழுத்தது. சுழற்சி அதிகமாயிற்று. ஒரு சுற்று. சார் கண்ட்ரோலைத் தொடவில்லை. என் தோளை உரசியபடி உட்கார்ந்திருந்த அவர் தோள் கொஞ்சமும் விறைக்கவில்லை. அதை என் தோள் உணர்ந்தது. இன்னொரு அரைச் சுற்று. "கால், தம்பி," என்றார். அவ்வளவுதான். சாப்பிடும்போது உப்பைக் கேட்கிற குரல். வலது காலை மிதித்தேன். ஏரி நின்றது.

பேத்தி கேட்டாள்: "அவர் பிடுங்கிக்கலையா தாத்தா?"

"இல்லம்மா."

"எங்க இன்ஸ்ட்ரக்டரா இருந்தா முதல் செகண்டுலயே 'மை கண்ட்ரோல்'னு வாங்கியிருப்பார்."

வாங்கத்தான் வேண்டும், இன்றைய விதி அது, நல்ல விதி. ஆனால் அந்த ஒன்றரைச் சுற்று நேரம் ஒரு மனிதர் என்னை நம்பிச் சும்மா உட்கார்ந்திருந்தாரே, அந்த நம்பிக்கைதான் அன்றைய பாடம். ஸ்பின் அதற்குப் பிறகுதான்.

ஸ்பின் என்பது என்னவென்று தெரியாதவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். மகாகனி மரத்தடியில் நின்று அதன் விதை விழுவதைப் பார்த்திருக்கிறீர்களா? ஒற்றைச் சிறகோடு, நேராக விழாமல், தன்னைத்தானே சுற்றிக்கொண்டு இறங்கும். விமானத்தின் இறக்கை காற்றைச் சந்திக்கும் கோணம் ஏறக்குறைய 15 பாகையைத் தாண்டினால் மேலே ஒட்டி ஓடிய காற்று பிய்த்துக்கொண்டு போய்விடும். இறக்கை தூக்கும் சக்தியை இழக்கும். அது ஸ்டால். அந்த வேளையில் மூக்கு ஒரு பக்கம் திரும்பிக்கொண்டும் இருந்தால், உள்பக்க இறக்கை வெளிப்பக்கத்தைவிட ஆழமாக ஸ்டாலுக்குள் மூழ்கும். தூக்கும் சக்தி குறையும், இழுவை கூடும். அதனால் இன்னும் சாயும், இன்னும் இழுபடும். ஒருமுறை தொடங்கிவிட்டால் அந்தச் சுழற்சி தன் தீனியைத் தானே தேடிக்கொள்ளும். அதை நிறுத்த முதலில் சுழற்சியை உடைக்க வேண்டும். அது எதிர் ரடரின் வேலை. பிறகு கோணத்தைக் குறைக்க வேண்டும். அதற்குத் தரையைப் பார்த்து விழுந்துகொண்டிருக்கும்போதே மூக்கை இன்னும் தரைப்பக்கம் தள்ள வேண்டும். மனித உடம்பில் உள்ள ஒவ்வொரு நரம்பும் வேண்டாம் என்று கதறுகிற காரியம் அது. சாய்ந்த இறக்கையைக் கையால் தூக்கப் பார்ப்பதும், மூக்கை மேலே இழுப்பதும்தான் இயல்பு. இரண்டும் ஸ்பின்னுக்குச் சோறு போடுகிற வேலை.

இதைக் கண்டுபிடிக்க எத்தனை உயிர் போயிற்று என்று சார் ஒருநாள் டீ குடித்தபடி சொன்னார். 1912 ஆகஸ்ட் 25. இங்கிலாந்தில் சாலிஸ்பரி சமவெளி. வில்பிரட் பார்க் என்ற கடற்படை லெப்டினன்ட், ராணுவ விமானப் போட்டிக்காக ஓர் ஆவ்ரோ விமானத்தை மூன்று மணிநேரம் ஓட்டிவிட்டு இறங்க வந்தவர், கீழே எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்க, ஸ்பின்னில் விழுந்தார். என்ஜினை முழுக்க முடுக்கினார், கண்ட்ரோலை இழுத்தார், திரும்புகிற பக்கமே ரடரையும் கொடுத்துப் பார்த்தார். ஒன்றும் ஆகவில்லை. இனி இழக்க ஒன்றுமில்லை என்ற நிலையில் ரடரை எதிர்ப்பக்கம் திருப்பினார். தரைக்கு ஐம்பது அடி இருக்கும்போது விமானம் நிமிர்ந்தது. இறங்கியவுடன் என்ன செய்தேன், என்ன ஆயிற்று என்று ஒவ்வொன்றாகக் கூடியிருந்தவர்களுக்கு விவரித்தார். அதே வருடம் டிசம்பரில் வேறொரு விபத்தில் இறந்துபோனார். சார் இந்த இடத்துக்கு வந்ததும் டம்ளரைக் கீழே வைத்துவிட்டார். அறுபது வருடத்துக்கு முன்பு செத்துப்போன, முகம் தெரியாத ஒரு வெள்ளைக்காரருக்காக மீனம்பாக்கத்தில் ஒருவர் டீயைப் பாதியில் வைத்தது எனக்கு மறக்கவில்லை.

பிறகு முதல் உலகப்போர். 1917-இல் ஃபார்ன்பரோவில் ஃப்ரெடரிக் லிண்டமான் என்ற இயற்பியல்காரர், தானே விமானம் ஓட்டக் கற்றுக்கொண்டு, ஸ்பின்னுக்குள் போய், சுழலும்போதே கருவிகளின் அளவுகளை மனத்தில் ஏற்றிக்கொண்டு வந்து, கணக்கோடு அதை விளக்கினார். பின்னாளில் சர்ச்சிலுக்கு அறிவியல் ஆலோசகராக இருந்தவர் அவர்தான். அதே வருடம் காஸ்போர்ட் என்ற ஊரில் ராபர்ட் ஸ்மித்-பேரி என்ற அதிகாரி பயிற்சிமுறையையே புரட்டிப்போட்டார். மாணவனை ஆபத்துக்கு அப்பால் வைத்துக் காப்பாற்றாதே. ஆபத்துக்குள் கூட்டிக்கொண்டுபோய், வெளியே வரும் வழியைக் காட்டு. இரட்டைக் கண்ட்ரோல் வைத்த ஆவ்ரோ 504-இல் மாணவர்களை வேண்டுமென்றே ஸ்பின்னுக்குள் கொண்டுபோனார். அவர் வகுத்த வழி பிரிட்டிஷ் சாம்ராஜ்ஜியம் முழுக்கப் பரவி, அறுபது வருடம் கழித்து என் காலடியில் இரண்டு செங்கல்லாக வந்து சேர்ந்தது.

யோசித்துப் பார்த்தால் நம் ஊரில் இது புதிதா? எங்கள் ஊர்க் கமலைக் கிணற்றில் என் தாய்மாமா எனக்கு நீச்சல் சொல்லிக்கொடுத்தது இதே வழியில்தான். முதுகில் சுரைக்குடுக்கையைக் கட்டி ஒரு வாரம். எட்டாம் நாள் குடுக்கையைக் கழற்றிவிட்டு, படிக்கட்டில் நின்ற என்னை ஒரே தள்ளு. மூழ்கி, தண்ணீர் குடித்து, கையைக் காலை அடித்து மேலே வந்தால், ஒரு கை தூரத்தில் மாமா நீந்திக்கொண்டிருப்பார். தொடமாட்டார். ஆனால் ஒரு கை தூரத்தைத் தாண்டிப் போகவும்மாட்டார். உங்களுக்கும் அப்படி ஒரு மாமாவோ பெரியப்பாவோ இருந்திருப்பார். சைக்கிள் சீட்டைப் பிடித்துக்கொண்டு ஓடிவருவதாகச் சொல்லிவிட்டு, எப்போது விட்டார் என்றே தெரியாமல் விட்டிருப்பார்.

அன்று வீட்டுக்கு வந்து சாப்பிட உட்கார்ந்தேன், சோறு இறங்கவில்லை. வயிறு இன்னும் சுற்றிக்கொண்டிருந்தது. அம்மா நெற்றியில் கைவைத்துப் பார்த்து, வெயிலில் அலைந்த சூடு என்று முடிவுசெய்து, உச்சியில் விளக்கெண்ணெய் வைத்து, சுக்குக் கஷாயம் கொடுத்தாள். "என்னடா பண்ணினே இன்னைக்கு?" "சும்மா, கொஞ்சம் உயரத்துல போனோம்மா." அவளிடம் கடைசிவரை ஸ்பின் என்ற சொல்லை நான் சொன்னதில்லை. லாக்புக்கை எடுத்து வாசல்திண்ணையில் வைத்துப் பார்ப்பாள், ஆங்கிலம் தெரியாது. மகன் எழுத்து அழகாக இருக்கிறது என்று மட்டும் அண்டை வீட்டாரிடம் சொல்வாள். இன்று என் பேத்தி ஒவ்வொரு முறை பறக்கும்போதும் அவள் அம்மா, வீட்டுச் சமையலறையில் நின்றபடியே, கைபேசி வரைபடத்தில் அந்தச் சின்ன விமானப் படம் ஊர்ந்து போவதைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். எந்தத் தாய் நிம்மதியாகத் தூங்கினாள் என்று என்னால் சொல்ல முடியவில்லை.

அந்தப் பாடம் ஒரே ஒருமுறை எனக்கு வேண்டியிருந்தது. பறக்கும் மணிகள் சேர்ப்பதற்காக நானே ஆசிரியராக இருந்த காலம். ஒரு மாணவன் இறங்குவதற்காகக் கடைசித் திருப்பத்தில் இருந்தான். உயரம் அறுநூறு அடி இருக்கும். காற்று தள்ளியதால் ஓடுபாதையின் கோட்டைத் தாண்டிப் போய்விட்டான். தாண்டியது தெரிந்ததும், தரைக்கு இவ்வளவு அருகில் விமானத்தை அதிகம் சாய்க்கப் பயந்து, சாய்க்காமலே திருப்பிவிட உள்பக்க ரடரை அழுத்தினான். மூக்கு தாழ்ந்தது. பின்னுக்கு இழுத்தான். அவ்வளவுதான், ஸ்பின்னுக்கு வேண்டிய சாமான் முழுக்க அடுப்பில் ஏறிவிட்டது. இருக்கையில் லேசான நடுக்கம் உணர்ந்தேன். உணர்ந்தேன் என்பதைவிட, என் எதிர்க்கால் மிதித்துவிட்டது, கை கண்ட்ரோலை முன்னே கொடுத்துவிட்டது. அதற்குப் பிறகுதான் 'ஸ்பின்' என்ற சொல் மனத்தில் வந்தது. இறங்கி, என்ஜினை நிறுத்திவிட்டு, இருவரும் கொஞ்ச நேரம் பேசாமல் உட்கார்ந்திருந்தோம். மறுவாரம் அவனை ஐயாயிரம் அடிக்குக் கூட்டிக்கொண்டு போனேன்.

ஆனால் இந்தச் சம்பவத்தையே, ஸ்பின் பயிற்சி வேண்டாம் என்கிற எதிர்த்தரப்பும் சாட்சிக்குக் கூப்பிடலாம், கூப்பிட்டும் இருக்கிறார்கள். உயிர் போகிற ஸ்பின்கள் பெரும்பாலும் இப்படித் தரைக்கு அருகில், திருப்பத்தில்தான் நடக்கின்றன. செஸ்னா 152-இன் கையேடு, ஒரு சுற்று ஸ்பின்னுக்குள் போய் வெளியே வர ஏறக்குறைய ஆயிரம் அடி வேண்டும் என்கிறது. அறுநூறு அடியில் இருப்பவனுக்கு மீளும் வித்தை தெரிந்து என்ன பயன்? அவன் உள்ளேயே போகாமல் இருக்க அல்லவா சொல்லித்தர வேண்டும்? அமெரிக்கர்கள் 1949-லேயே இந்த முடிவுக்கு வந்துவிட்டார்கள். தனியார் விமானி உரிமத்துக்கு ஸ்பின் தேவையில்லை, ஸ்டாலை முன்கூட்டி அறிந்து விலகினால் போதும். ஆசிரியராகப் போகிறவர் மட்டும் ஸ்பின் பழகட்டும் என்றார்கள். ஸ்பின் பயிற்சியிலேயே உயிர்கள் போய்க்கொண்டிருந்ததும் அதற்கு ஒரு காரணம். அதன்பிறகு அந்த வகை விபத்துகளின் பங்கு குறைந்தது என்பது உண்மை. பிரிட்டனும் பின்னால் அதே வழிக்கு வந்தது. இதை நான் மறுக்கவில்லை. என்னோடு பழகியவர்களில் எல்லோரும் கிழவர்களாகவில்லை.

விமானங்களும் மாறின. 1940-இல் சான்று பெற்ற எர்கூப் என்ற அமெரிக்க விமானத்தில் ரடர் பெடலே கிடையாது. ஸ்பின் ஆகவே முடியாதபடி அதைச் செய்தார்கள். 1998-இல் சான்று பெற்ற சிர்ரஸ் விமானத்தில் கூரையில் ஒரு சிவப்புக் கைப்பிடி இருக்கிறது. ஸ்பின்னில் விழுந்தால் அதை இழு என்கிறது கையேடு. விமானம் முழுவதையும் ஒரு பாராசூட் தாங்கிக்கொள்ளும். என் பேத்தியின் விமானத்தில் கருவிகளுக்குப் பதில் இரண்டு பெரிய திரைகள். ஸ்டால் வருவதற்கு முன்பே அது குரல் கொடுக்கும். வீட்டில் அவள் கணினியில் ஸ்பின் போட்டு எனக்குக் காட்டினாள். திரையில் வயல்வெளி அழகாகச் சுழன்றது. நாற்காலி அசையவில்லை. அவள் ஒரு கையில் முறுக்கை வைத்துக்கொண்டு, மறுகையால் சரியாக மீட்டுவிட்டாள். அவள் சொன்ன ஒவ்வொரு படியும் சரி. எங்களில் யாரும் அந்த வயதில் இவ்வளவு தெளிவாகச் சொல்லியிருக்க மாட்டோம். அவளுக்கு எத்தனை விஷயம் தெரிந்திருக்கிறது என்று மனம் நிறைந்தது. அதே சமயம், அந்த நடுக்கம் இருக்கை வழியாக முதுகெலும்பில் ஏறுவதை இந்தக் குழந்தை ஒருமுறைகூட உணர்ந்ததில்லையே என்று ஒரு கலக்கமும் வந்தது.

ஏனென்றால், கை பொய் சொல்வது சின்ன விமானத்தோடு முடியவில்லை. ரியோ டி ஜெனிரோவிலிருந்து பாரிஸுக்குப் புறப்பட்ட ஏர்பஸ் ஏ330 ஒன்று, 2009 ஜூன் 1 அன்று சுமார் 38,000 அடியில் ஸ்டாலுக்குள் போய், ஏறக்குறைய மூன்றரை நிமிடம் விழுந்து அட்லாண்டிக்கில் மோதியது. 228 பேர். எச்சரிக்கைக் குரல் மறுபடி மறுபடி ஒலித்தது. அந்த நேரத்தில் பெரும்பகுதி மூக்கை மேலே இழுத்துக்கொண்டே இருந்திருக்கிறது ஓர் இளம் விமானியின் கை. விசாரணை அறிக்கையைப் படித்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. முப்பது வருடம் பயணிகள் விமானம் ஓட்டியவன் நான்; நடு இரவில், மேகத்துக்குள், கருவிகள் ஒன்றுக்கொன்று முரணாகப் பேசும்போது அந்த இருக்கையில் இருப்பது என்னவென்று கொஞ்சமாவது தெரியும். அந்த இளைஞர்மேல் எனக்குக் குற்றம் சொல்லத் தோன்றவில்லை. அவர் கை செய்ததை 1974-இல் என் கையும் செய்தது. எனக்குப் பக்கத்தில் ஒரு தோள் இருந்தது.

அதன்பிறகு உலகம் மறுபடி திரும்பிப் பார்த்தது. ஐரோப்பாவில் 2019 டிசம்பரிலிருந்து, பயணிகள் விமானம் ஓட்டப் போகிறவர்கள் நிலை குலைந்த விமானத்தை மீட்கும் பயிற்சியை, சிமுலேட்டரில் அல்ல, நிஜ விமானத்திலேயே குறைந்தது மூன்று மணிநேரம் செய்ய வேண்டும். புதுப்பெயர், புதுச்சுருக்கம், தடித்த கையேடு. அந்தக் கையேட்டைப் பேத்தி எனக்குத் திரையில் திறந்து காட்டியபோது நான் தேடியது ஒரே ஒரு சொல்லை, திடுக்கிடல். மனிதன் திடுக்கிட்டால் கை என்ன செய்யும் என்பதைப் பற்றிப் பக்கம் பக்கமாக இருந்தது. சார் உயிரோடு இருந்திருந்தால் படித்துக் காட்டியிருப்பேன்.

அவர் போய் இருபது வருடமாகிறது. அவரைவிட அதிகமாக, அவரோடு போன சின்னச் சின்ன விஷயங்களுக்காகத்தான் மனம் ஏங்குகிறது. மெதுவாக ஏறும் விமானத்தில் யாரும் பேசாத அந்தப் பத்து நிமிடம். இறங்கியதும் இறக்கை நிழலில் உட்கார்ந்து, இன்னும் சூடு ஆறாத என்ஜின் 'டிக், டிக்' என்று குளிர்வதைக் கேட்டபடி தின்ற மசால்வடை. மசிப்பேனாவை உதறி லாக்புக்கில் எழுதிவிட்டு, ஈரம் காய ஊதிக்கொண்டே அவரிடம் நீட்டுவது. அவர் ஒப்பமிடுவதற்கு முன் ஒரு நொடி நிறுத்தி நம் முகத்தைப் பார்ப்பது. இப்போது பேத்தியின் லாக்புக் விமானத்தை நிறுத்தியதும் தானே நிரம்பிக்கொள்கிறது. நேரம் நிமிடம் பிசகாமல் இருக்கிறது. மசி வெளுக்காது, செல்லரிக்காது. ஐம்பது வருடம் கழித்து அவள் பேத்தியும் அதைத் திறந்து படிக்கலாம்.

ஊருக்குக் கிளம்புவதற்கு முந்தின நாள் மாலை மொட்டைமாடியில் வற்றல் எடுக்கப் போனவள், கூடவே என்னையும் கூப்பிட்டாள். தண்ணீர்த் தொட்டி ஓரத்தில், கட்டடவேலையில் மிச்சமான செங்கற்கள் இருந்தன. இரண்டை எடுத்துவந்து, நாற்காலிக்கு முன்னால் அவளே போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள். செருப்பைக் கழற்றிவிட்டாள்.

"கண்ணை மூடிக்கவா தாத்தா?"

"மூடிக்கோம்மா. கை மடியில இருக்கட்டும்."

மீனம்பாக்கம் பக்கமிருந்து ஒரு விமானம் எழுந்து எங்கள் தலைக்குமேல் போயிற்று. அதன் ஒலி அடங்கும்வரை காத்திருந்தேன்.

"இடது பக்கம் சுத்துது."

அவள் கை திரும்பியது. நான் மணிக்கட்டில் தட்டவில்லை. பக்கத்தில் இன்னொரு நாற்காலியை இழுத்துப்போட்டு, தோளோடு தோள் படும்படி உட்கார்ந்துகொண்டேன். மறுபடி சொன்னேன். மறுபடி கை. இருட்டிக்கொண்டு வந்தது. கீழே அவள் அம்மா சாப்பிடக் கூப்பிட்டாள். "இன்னும் ஒரு தடவை தாத்தா," என்றாள்.

"இடது பக்கம் சுத்துது."

கை மடியிலேயே இருந்தது. வலது பக்கத்துச் செங்கல், சிமெண்டுத் தரையில் கரகரவென்று நகர்ந்தது.